ஒரு பார்சலுக்கு ஒரு லேபிள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வாலட் சண்டையும் வந்து உட்கார்ந்துவிடும். ஆறு வருடமாக ஒரு வாரம் தவறியதில்லை. பரிமாறுகிறவளுக்குத்தான் அலுத்துப் போயிருந்தது.

ஒரு பக்கம் அவள் தம்பி. போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கட்டைவிரல் நீளத்தில் சின்னத் திரையும் இரண்டு பொத்தானும் உள்ள ஒரு கருவியைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு அலைவான். ஹார்டுவேர் வாலட். மறுபக்கம் அவள் கணவர். அவருடையது வெறும் காகிதம். அது மேசைக்கு வராது, அதன் பெருமை மட்டும் வரும்.

கிரிப்டோ என்பது கையில் பிடித்து எண்ணுகிற காசு இல்லை. எங்கேயோ வலைக்குள் கிடக்கும். எடுக்க வேண்டுமானால் அறுபது எழுத்துக்கு மேல் நீளும் ஒரு சாவி எண் வேண்டும். அந்தச் சாவியைக் கருவிக்குள் பூட்டுவதா, காகிதத்தில் அச்சடித்து ஒளித்து வைப்பதா? இவ்வளவுதான் வழக்கு. இதற்கு ஆறு வருடம் வாய்தா.

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாது மாமா," என்பான் தம்பி. "காகிதத்தை நம்பி எப்படித்தான் தூங்குறீங்களோ. நனைஞ்சா போச்சு, கிழிஞ்சா போச்சு, எலி கடிச்சா போச்சு."

"எலி கடிக்கும், ஆனா திருடாது மாப்ள. உன் மிஷின்ல பின் நம்பரை மூணு தடவை தப்பா அமுக்கினா அதுவே எல்லாத்தையும் அழிச்சிடும்னு நீதானே சொன்னே? சொந்தக்காரனையே திருடன்னு நெனைக்கிற மிஷின் எனக்கு எதுக்கு?"

"அழிஞ்சாலும் திரும்பக் கொண்டுவரலாம் மாமா!"

"கெடங்குல என் மேசைக்கு வாரத்துக்கு நாப்பது மிஷின் செத்துத் திரும்பி வருது. வாங்கினவன் ஒருத்தனாவது 'இது செத்துடும்'னு நெனச்சு வாங்கியிருப்பானா?"

இதற்குமேல் தம்பியால் பேச முடியாது. ஏனென்றால் அவர் சொன்னது அவருடைய தொழில். பார்சல் கிடங்கு ஒன்றில் திரும்பி வரும் சரக்குகளைப் பிரித்துப் பார்த்து, புது லேபிள் அடித்து ஒட்டுகிற பிரிவில் இருபத்து நான்கு வருடமாக நிற்கிறார். ‘நிற்கிறார்’ என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. சிமெண்ட் தரையில், நாளைக்குப் பத்து மணி நேரம், நாற்காலி கிடையாது. உலகத்தின் கெட்டுப்போன பொருளெல்லாம் தன் கைவழியாகப் போவதைப் பார்த்தவருக்கு பேட்டரி உள்ள எதன்மேலும் மரியாதை இல்லாமல் போய்விட்டது. காகிதம் கெடாது என்று அவர் நம்பினார். லேபிள் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை சிலருக்குச் சாமி மேல்கூட இருக்காது.

கிடங்கில் கழித்துப் போட்ட லேபிள் பிரிண்டர் ஒன்றை விலைக்கு வாங்கி வந்து, பழைய லேப்டாப் ஒன்றை இணைய வாசனையே படாமல் வைத்து, அதில் சாவியை உருவாக்கி, ஒரே ஒரு லேபிள் அடித்தார். சதுரமாக ஒரு க்யூஆர் கோடு, அதன் கீழே எண். அதைச் செருப்புப் பெட்டி அட்டையில் ஒட்டி ஓரம் வெட்டினார். பிறகு, சாவி வேறெங்கும் தங்கிவிடக் கூடாதென்று லேப்டாப்பைக் கழற்றி, அதன் ஹார்டு டிஸ்கைச் சுத்தியலால் தட்டி நொறுக்கினார். அன்று அவர் முகத்திலிருந்த திருப்தியை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"எனக்கு ஒரு காப்பி அடிச்சுக் குடுங்க," என்று அப்போதே கேட்டாள்.

"கூடாது. ஒரு பார்சலுக்கு ஒரு லேபிள்தான். ரெண்டு ஒட்டினா அது எந்த ஊருக்கும் போய்ச் சேராது."

"இது பார்சலா?"

"எல்லாமே பார்சல்தான்," என்றார். அட்டையை வைத்த இடத்தை மட்டும் அவளிடம் காட்டினார். வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில், மூன்றாவது உறை.

கோப்பைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில் வேலை பார்க்கிறாள். டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ‘ஃபைலக்கா’. பத்து வருடத்துக்கு முந்தின நோயாளியின் ரத்த அறிக்கையைக் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் எடுத்து வைப்பாள். முக்கியமான காகிதம் எது கைக்கு வந்தாலும் அதை லேமினேட் செய்துவிடுவது அவள் வழக்கம். பிறப்புச் சான்றிதழ், பட்டம், தடுப்பூசி அட்டை, காலாவதியான ரேஷன் அட்டை, ஏன், தம்பியின் முதல் கடை வாடகைச் சீட்டுகூட அவள் வீட்டில் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த ஞாயிறு சண்டை முடிந்து கை கழுவும்போது கணவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வெள்ளிக்கிழமை வேலையை விடறதா லெட்டர் குடுத்துடலாம்னு இருக்கேன்."

அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. இந்தப் பேச்சுக்காகத்தான் எட்டு வருட ஓவர்டைமும் அந்த வலைக்குள் போயிருந்தது. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டி, "இனி நிக்கிற வேலை வேண்டாம். நின்னா ஆபரேஷன், ஆபரேஷனுக்கப்புறமும் நிக்கக் கூடாது" என்று சொல்லி ஒன்றரை வருடமாகிறது. ஓய்வூதியத்துக்கோ இன்னும் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தைத் தாண்ட அட்டையில் இருப்பது போதும் என்று கணக்குப் பார்த்திருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை நானே கூட உக்காந்து வித்துத் தர்றேன் மாமா," என்றான் தம்பி. அவனுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அதுவரைக்கும் அந்தக் காகிதம் உயிரோட இருக்கணும். மழைக்காலம் வேற."

அந்த ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை கோப்பைத் திறந்து பார்த்தாள். அட்டையின் ஒரு மூலை லேசாக நமுத்திருந்தது. லேபிள் எழுத்தும் முன்பைவிட வெளுத்த மாதிரி பட்டது. வீட்டிலிருக்கிற காகிதத்திலேயே முக்கியமானது இது ஒன்றுதான். இது ஒன்றுதான் அம்மணமாகக் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை அதை உறையோடு கைப்பையில் வைத்து வேலைக்குக் கொண்டுபோனாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘தொடாதே’ என்பார். செய்து முடித்துக் காட்டிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை தம்பி வாயும் அடைபடும், சண்டையும் தீரும். அவள் விரும்பியது அதைத்தான், ஒரே ஒரு ஞாயிறு சத்தமில்லாத சாப்பாடு.

மதிய இடைவேளையில் ஆவண அறையில் யாருமில்லை. லேமினேட்டர் சூடேறிப் பச்சை விளக்கு எரிந்தது. அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் நடுவாக வைத்து, விரலால் நீவி, மிஷின் வாயில் கொடுத்தாள். ஆயிரக்கணக்கில் செய்த வேலை. மறுபக்கம் ஒரு விரற்கடை அளவு வெளியே வந்தது.

கறுப்பாக வந்தது.

பிடித்து இழுத்தாள். அந்த மிஷின் ஒரு திசையில்தான் ஓடும். கெஞ்சினாலும் நிற்காது. அது தன் பாட்டுக்கு மெதுவாக, நிதானமாக மீதியையும் விழுங்கித் துப்பியது. அட்டை பளபளவென்று, ஓரம் பிசகாமல், தண்ணீர் புகாதபடி மூடப்பட்டிருந்தது. நடுவில் லேபிள் இருந்த இடம் மட்டும் கரிச்சட்டியின் அடிபோல் இருந்தது. கோடும் இல்லை, எண்ணும் இல்லை.

கடை ரசீதைச் சூட்டில் வைத்தால் கறுக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? நோயாளிகள் மருந்துக்கடை ரசீதை நீட்டி லேமினேட் கேட்டால், "இதெல்லாம் சூடு தாங்காதும்மா" என்று திருப்பி அனுப்புகிறவளே அவள்தான். ஆனால் ரசீது மெல்லிசாக, வழவழவென்று, சுருண்டு வரும். இது அட்டையில் ஒட்டி, விறைப்பாக, பெரிய மனுஷத் தோரணையில் இருந்தது. லேபிளும் அதே ஜாதிக் காகிதம் என்று தோன்றவே இல்லை. பாம்பைத் தெரிந்தவள்தான், அது சட்டை மாட்டிக்கொண்டு வந்ததால் ஏமாந்துவிட்டாள்.

அறையைப் பூட்டிக்கொண்டு எதிரேயிருந்த எலும்பு டாக்டரின் அறைக்குப் போனாள். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். சுவரில் எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியைப் போட்டு, பிளாஸ்டிக்கோடு சேர்த்து அட்டையை அதில் வைத்து அழுத்தினாள். சாய்த்தாள், திருப்பினாள், கண்ணைச் சுருக்கினாள். அவள் கணவரின் முட்டித் தேய்மானத்தை மயிரிழை சுத்தமாகக் காட்டிய விளக்குத்தான் அது. இதற்குள் ஒன்றையும் காட்டவில்லை. அவள் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மீதி நேரம் முழுவதும் எல்லோருக்கும் கோப்பு எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. பத்து மாடி படியேறினவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வேலை விட்டதும் தம்பியின் கடைக்குப் போனாள். அவன் பெரிய பூதக்கண்ணாடி விளக்கின் கீழே அட்டையை வைத்துப் பார்த்தான். பிளாஸ்டிக்கை ஒரு மூலையில் பிரித்தான். மேல்தோலும் கூடவே பிய்ந்து வந்தது. பிரிப்பதை நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தான்.

"போச்சுக்கா."

"சரியாப் பாருடா."

"பாத்துட்டேன். மை வச்சு அடிச்சிருந்தா ஏதாவது தெரியும். இது முழுக்க ஒரே கறுப்பு."

"உன் மிஷின்ல வச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது, அதானே? சொல்லிடு, அதையும் கேட்டுக்கறேன்."

தம்பி தலையைச் சொறிந்தான். ஆறு வருடமாக ஜெயிக்கக் காத்திருந்த வழக்கு, தீர்ப்பு வந்த நாளில் அவனுக்கு இனிக்கவில்லை. சாவிக்கொத்திலிருந்த கருவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அப்படியும் சொல்ல முடியாதுக்கா. இது உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ, திரும்ப எடுக்கறதுக்கு இருபத்து நாலு வார்த்தை இருக்கு. வாங்கும்போதே ஒரு அட்டை குடுப்பான், அதுல எழுதி வச்சுக்கணும்."

"அட்டையா?"

"ஆமா."

"காகித அட்டையா?"

"...ஆமா."

அவள் அவனையே பார்த்தாள். "அப்ப உன் மிஷினுக்கும் கடைசியில ஒரு காகிதம்தானா? இதுக்காடா ஆறு வருஷம் என் சோத்துல மண்ணைப் போட்டீங்க ரெண்டு பேரும்?"

"அதில்லக்கா, திருடன்கிட்டேர்ந்து..."

"அந்த அட்டை எங்க?"

"இனிமேத்தான் எழுதணும்," என்றான் தம்பி, மிகவும் சின்னக் குரலில். "ஸ்க்ரீன்ல வந்தப்ப அவசரத்துல போன்ல போட்டோ எடுத்தேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவன் வீட்டுக் கதவைச் சாத்தாமல் வந்தானாம். இன்று சிரிக்கத் தெம்பில்லை.

தம்பி தன் போனில் மாமாவின் கணக்கு முகவரியைத் தட்டிக் காட்டினான். முகவரி ரகசியமில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தொகை அப்படியே இருந்தது. போன வாரத்தைவிட மதிப்புக் கொஞ்சம் கூடியும் இருந்தது.

"இருக்கே!" என்றாள்.

"இருக்கு. எப்பவும் இருக்கும். யாராலயும் எடுக்க முடியாது."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இது கண்ணுக்கு எட்டி, கைக்கே எட்டாமல் போனது.

"மாமாகிட்ட நான் வேணா சொல்றேன்," என்றான் தம்பி. "லேபிள் தானா கறுத்துடுச்சுன்னு சொல்லலாம். அந்தக் காகிதம் நாளானா வெளுக்கும், கறுக்கும், எல்லாம் நடக்கும். உன் பேரே வராது."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு நடந்தாள். நல்ல பொய், அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிற பொய். அவள் செய்ய வேண்டியதெல்லாம் பிளாஸ்டிக்கை உரித்துக் குப்பையில் போடுவதுதான். ஆனால் உரித்தால் பாதித் தோல் அதோடு வரும், அவர் லேபிள்காரர், பார்த்த பார்வையில் கண்டுபிடிப்பார். அப்படியே கண்டுபிடிக்காவிட்டாலும், மீதி ஆயுளுக்கும் அவர் தன்னையே நொந்துகொண்டு கிடப்பதை அவள் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது தன்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

வீட்டில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கால் இரண்டையும் வாளி வெந்நீரில் வைத்திருந்தார்.

"நீதானே ஃபைலக்கா. ஃபார்மட் சரியான்னு பாரு," என்று நீட்டினார்.

‘உடல்நிலை காரணமாக’ என்று இருந்தது. கையெழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளையுடையதைப்போல் இருந்தது.

"விட்டப்புறம் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்ணும் செய்யமாட்டேன். முதல் ஒரு மாசம் உக்காந்தே இருப்பேன். டீயைக்கூட உக்காந்துதான் குடிப்பேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எனக்கு உக்காந்து டீ குடிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கெடங்குல டீக்கும் நிக்கணும்."

அன்றும் அவளால் சொல்ல முடியவில்லை. கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, அவர் காலைத் துடைத்துவிட்டு, போய்ப் படுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். இனி ஒரு நாள் தள்ளினால் கடிதம் போய்விடும். கடிதம் போனால் வேலையும் இல்லை, காசும் இல்லை.

"நான்தான் பண்ணேன்," என்றாள். "செவ்வாக்கெழம. நல்லதுக்குன்னு நெனச்சு."

அவர் அட்டையைக் கையிலெடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் மேல் கட்டைவிரலை ஓட்டினார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதுல மை கிடையாது," என்றார், யாரோ புது ஆளுக்கு வேலை சொல்லித்தருகிற குரலில். "பிரிண்டர்ல சூடு பட்ட எடம் கறுக்கும். அதான் அச்சு. நீ முழுசுக்கும் சூடு குடுத்துட்டே. முழுசும் அச்சாயிருச்சு."

"எனக்குத் தெரியாதுங்க. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ லேமினேட் பண்ணுவேன்னு நான் கனவா கண்டேன்?"

"இருபத்து மூணு வருஷமா கூட இருக்கீங்க. இந்த வீட்டுல நான் லேமினேட் பண்ணாம விட்டது உங்களை ஒருத்தரைத்தான்."

இன்னொரு நாள் அவர் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்போது அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"உன் கை படாம ஒரு பொருள் இந்த வீட்டுல இருக்கக் கூடாதா? ஒண்ணே ஒண்ணு! ஒண்ணே ஒண்ணுதானே எனக்குன்னு வச்சிருந்தேன்!"

"ஒண்ணே ஒண்ணு வச்சதுதாங்க தப்பு. காப்பி கேட்டேன். நீங்க குடுக்கல."

அவர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசல் மூன்று படியையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொன்றாக இறங்கினார். அவ்வளவு மோசம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வீட்டில் அவள் பார்க்கும்போதெல்லாம் நேராகத்தான் இறங்குவார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திரும்பி வர ஒரு மணி நேரமாயிற்று. சாப்பாடு வேண்டாம் என்றார்.

"நான் சாயங்கால ஷிஃப்டும் சேத்துக் கேட்டிருக்கேன்," என்றாள். "தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க லெட்டரைக் குடுங்க. எப்படியாவது ஓட்டிடலாம்."

"காலைல எட்டுலேர்ந்து ராத்திரி பத்து வரைக்குமா? ஆறு வருஷமா? அப்புறம் உன் முட்டியை யார் பாக்கறது?" கோபம் எல்லாம் தீர்ந்து வெறும் களைப்பாக வந்தது குரல். மேசை இழுப்பறையைத் திறந்து, கடிதத்தை எடுத்து, இரண்டாக மடித்தார். கிழிப்பார் என்று நினைத்தாள். கிழிக்கவில்லை. மடித்ததை இழுப்பறையிலேயே திரும்ப வைத்து மூடினார். இருவரும் படுத்தார்கள். தூங்கியதாகச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அவர் வழக்கமான நேரத்துக்கு எழுந்தார். வழக்கமான சட்டை. அவள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் நின்றுகொண்டே குடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிடங்குக்குப் போடும் கனத்த பூட்ஸை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தினமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பூட்ஸ் மாட்டுவார். ஏன் இதற்குக் கதவைச் சாத்துகிறார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று கதவு திறந்தே இருந்தது.

குனிந்தார். கை கணுக்கால்வரைகூடப் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்க வா," என்றார். "இதைக் கொஞ்சம் கட்டி விடு."

அவள் ஓடிவந்து தரையில் உட்கார்ந்தாள். பூட்ஸுக்குள் அவர் காலைப் பிடித்து நுழைத்தாள். கயிறு பழையது, நுனி பிரிந்து போயிருந்தது. ஓட்டை ஓட்டையாகக் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். அவர் கை வந்து அவள் தலைமேல் ஒரு நொடி கனமாகப் பதிந்தது. நிமிர்ந்து உட்காரப் பிடிமானம் தேடியதா, வேறு எதற்காகவோ என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

"அடுத்த கால்," என்றாள்.